சட்டம் இருக்கிறது; மருந்து எங்கே?

வெட்கப்பட்டுக்கொண்டு நாம் இதுவரை எழுதாமல் விட்ட ஒரு விஷயத்தைப் பற்றி இந்த இதழில் எழுதத் துணிந்திருக்கிறோம். கூலி உயர்வைப் பற்றியும், போனஸைப் பற்றியும், லயத்துக் கூரை ஒழுகுவதைப் பற்றியும் எழுதினால் தோழர்கள் கை தட்டுவார்கள். இதைப் பற்றி எழுதினால் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சங்கப் பத்திரிகைக்கு இந்தப் பேச்சு எதற்கு என்று கேட்கவும் கூடும். கேட்கட்டும். நம் சங்கத்துக்கு மாதந்தோறும் சந்தா கட்டுகிறவர்களில் பெண்களும் இருக்கிறார்கள். விடியற்காலைப் பிரட்டுக்கு ஆணும் பெண்ணும் ஒன்றாகத்தான் வந்து நிற்கிறார்கள். அந்தப் பெண்களின் உடம்புக்கு வரும் ஆபத்து சங்கத்தின் காரியம் அல்ல என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

கருக்கலைப்பைப் பற்றித்தான் சொல்கிறோம்.

நாம் கணக்கெழுதும் தோட்டத்தில் நடந்த ஒன்றை, சம்பந்தப்பட்ட அம்மாளின் சம்மதம் பெற்று, இன்னார் என்று தெரியாதபடி இங்கே எழுதுகிறோம். அவர் பால் வெட்டுகிறவர். நான்கு பிள்ளைகள், கடைசிப் பிள்ளைக்கு அப்போது எட்டு மாதம். புருஷன் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து கால் முறிந்து வீட்டோடு இருந்தார். இந்த நிலையில் அந்த அம்மாள் முழுகாமல் இரண்டு மாதம் கடந்துவிட்டது. ஐந்தாவது பிள்ளையைச் சுமந்துகொண்டு மேட்டுக் காட்டில் மரம் வெட்ட முடியாது, வெட்டாவிட்டால் அடுப்பு எரியாது என்பது அவருக்குத் தெரியும். ஒரு சர்க்கார் கிளினிக்குக்குப் போய் மெதுவாக வாயைத் திறந்தார். "கல்யாணமான பெண்தானே, பெற்றுக்கொள்வதில் என்ன கஷ்டம்?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். பட்டணத்தில் ஒரு தனியார் கிளினிக்கில் 900 வெள்ளி கேட்டார்கள். 2025 பிப்ரவரியில் வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஒரு நாளைக்குக் கணக்கிட்டால் 65 வெள்ளி சில்லறை. ஆக, அந்த 900 வெள்ளி என்பது பதினான்கு நாள் கூலி. கடைசியில் யாரோ சொல்லி, கைத்தொலைபேசி மூலம் முகம் தெரியாத ஒருவனிடம் 300 வெள்ளிக்கு மாத்திரை வாங்கினார். பார்சல் வந்தது. உள்ளே பெயரும் இல்லை, தேதியும் இல்லை, எப்படிச் சாப்பிடுவது என்ற சீட்டும் இல்லை.

இரவில் சாப்பிட்டார். இரத்தப் போக்கு கண்டது. பிரட்டில் நிற்காவிட்டால் அன்றைய பெயர் போய்விடுமே என்று விடியற்காலை துணியைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றார். பாதி நிரையை வெட்டினார். பிறகு மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார். பக்கத்து நிரைக்காரப் பெண்கள் கைத்தாங்கலாக லயத்துக்குக் கொண்டு சேர்த்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றதற்கு, "ஐயோ வேண்டாம்" என்று அழுதார். அடுத்த மூன்று நாளும் படுத்த படுக்கை. நான்காம் நாள் பொதுவிடுமுறை. அன்று ஜுரம் ஏறி நினைவு தடுமாறியபிறகுதான் தோட்டத்து வேனில் ஏற்றினோம். அங்கேயும் அவர், "தானாக இறங்கிவிட்டது" என்றுதான் சொன்னார். என்ன மருந்து வயிற்றுக்குள் போனது என்று டாக்டருக்கே தெரியாமல் வைத்தியம் நடந்தது. உயிர் பிழைத்தார்; அது அவர் செய்த புண்ணியம் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள்.

ஆபீசில் நடந்ததையும் சொல்லவேண்டும். ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களுக்குத் தாள் வந்தது. அதற்கு முந்திய மூன்று நாளுக்குத் தாள் இல்லை. எம்ப்ளாய்மெண்ட் சட்டப்படி நோய் லீவு வேண்டுமானால் தோட்டம் நியமித்த டாக்டர் எழுதித் தரவேண்டும். அவர் இல்லாத சமயத்தில்தான் வேறு டாக்டர். டாக்டரையே பார்க்காதவர் சொல்லாமல் நின்றுவிட்டவர் ஆகிறார். பொதுவிடுமுறைக்கு முந்திய நாள் லீவில்லாமல் நின்றால் அந்த விடுமுறைக் கூலியும் போய்விடும். செக்ரோலில் மூன்று கட்டத்தில் 'ஏ' போட்டு, நாலாவது நாளின் கூலியையும் கழித்தது நம்முடைய கைதான். விதி அப்படி இருக்கிறது, போட்டோம். பேனாவை மூடிய பிறகும் வெகு நேரம் அந்தக் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த அம்மாள் முதல் நாளே ஆஸ்பத்திரிக்குப் போகாததற்குக் காரணம் ஒன்றுதான்: போலீஸ் பிடித்துக்கொள்ளும் என்ற பயம். இந்தப் பயத்தில் உண்மை எவ்வளவு என்று ஒவ்வொரு தொழிலாளியும் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 312-வது பிரிவு கருவைக் கலைப்பது குற்றம் என்கிறது. மூன்று வருஷம் வரை சிறை. கருவில் அசைவு கண்ட பிறகு என்றால் ஏழு வருஷம் வரை. தானே தனக்குச் செய்துகொள்ளும் பெண்ணும் இதில் அடக்கம். ஆனால் அதே பிரிவுக்குள் ஒரு விலக்கும் இருக்கிறது. பதிவு பெற்ற டாக்டர் ஒருவர், கர்ப்பம் தொடர்வதால் அந்தப் பெண்ணின் உயிருக்கோ, உடல் நலத்துக்கோ, மன நலத்துக்கோ வரக்கூடிய கேடு கலைப்பதால் வருவதைவிட அதிகம் என்று நல்லெண்ணத்தோடு கருதினால், அவர் கலைக்கலாம். அது குற்றம் ஆகாது. உடல் நலம், மன நலம் என்ற சொற்கள் 1989-ம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தவை. அதற்கு முன் உயிருக்கு ஆபத்து என்றால்தான் வழி. கற்பழிக்கப்பட்ட பெண்ணைப் பற்றிச் சட்டம் தனியாக ஒன்றும் சொல்லவில்லை என்பதையும் இங்கே குறிப்பிடவேண்டும். அவளுக்கும் இந்த மன நலம் என்ற ஒரு வாசல்தான்.

ஆக, நாம் மேலே சொன்ன அம்மாள் கால் முறிந்த புருஷனையும் கைப்பிள்ளையையும் வைத்துக்கொண்டு தூக்கமில்லாமல் தவித்ததை ஒரு டாக்டர் உட்கார்ந்து கேட்டிருந்தால், சட்டத்துக்கு உட்பட்டே அவருக்கு உதவி செய்திருக்க முடியும். கேட்க ஆள் இல்லை. கேட்கலாம் என்று அவருக்குச் சொல்லவும் ஆள் இல்லை.

இந்த 312 என்ற எண்ணுக்கு ஒரு கதை உண்டு. 1860-ல் வெள்ளைக்காரர் இந்தியாவுக்கு ஒரு பினல் கோடு எழுதினார்கள். அதில் கருக்கலைப்புக்கு 312-வது பிரிவு. அந்தப் புத்தகத்தைத்தான் இந்தப் பக்கத்துக்கும் கொண்டு வந்தார்கள். நம் பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்தபோது இந்த எண்ணும் கூடவே கப்பலேறி வந்துவிட்டது. ஆனால் எழுதிக் கொடுத்த வெள்ளைக்காரர் தம் சொந்த நாட்டில் 1967-ல் தனிச் சட்டம் போட்டு வழி செய்துகொண்டார். இந்தியா 1971-ல் செய்துகொண்டது. ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் 1969-ல் சட்டம் வந்து, 1974-ல் இன்னும் தளர்த்தப்பட்டு, 24 வாரம் வரை பெண்ணின் சம்மதத்தின் பேரில் டாக்டர் செய்யலாம் என்று ஆயிற்று. அங்கே போய் வந்துவிடலாமே என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு சொல்: உயிர் காக்க வேண்டிய அவசரம் தவிர, அந்நாட்டுப் பிரஜையோ, பிரஜையின் மனைவியோ, அங்கே வேலைப் பெர்மிட் உள்ளவரோ அவர் மனைவியோ, குறைந்தது நான்கு மாதம் அங்கே குடியிருந்தவரோ இல்லாத பெண்ணுக்கு அந்தச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. காலையில் பஸ் ஏறி மாலையில் திரும்புகிற காரியம் அல்ல அது.

நம் நாட்டுச் சட்டம் சிங்கப்பூர் சட்டத்தைப் போலத் தாராளமானது அல்ல. பெண் கேட்டால் போதாது, டாக்டர் கருதவேண்டும். இருந்தாலும் அது பூட்டிய கதவு அல்ல, சாத்திய கதவு. சாத்திய கதவைப் பூட்டிய கதவு என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறோம். டாக்டர்களும் நம்புகிறார்கள் என்பதுதான் விசித்திரம். இந்த உரிமைக்காக உழைக்கும் 'ராம்' என்ற கூட்டணி 2007-ல் 120 டாக்டர்களையும் நர்சுகளையும் விசாரித்துப் பார்த்ததில், சில சந்தர்ப்பங்களில் இது சட்டத்துக்கு உட்பட்டது என்பது நூற்றுக்கு 57 பேருக்குத்தான் தெரிந்திருந்தது. வைத்தியம் படித்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், தோட்டத்துப் பள்ளியோடு நின்ற நமக்கு எப்படித் தெரியும்? சுகாதார மந்திரிசபை 2012-ல் சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. நல்லதுதான். ஆனால் சட்டம் ஒரு டாக்டர் போதும் என்கிற இடத்தில் வழிகாட்டி இரண்டு டாக்டர்கள் பார்க்கவேண்டும், அவர்களில் ஒருவர் ஸ்பெஷலிஸ்டாக இருக்கவேண்டும் என்கிறது. ஸ்பெஷலிஸ்ட் இருப்பது பெரிய பட்டணத்தில். தோட்டத்திலிருந்து போய் வர ஒரு நாள், திரும்பக் கூப்பிட்டால் இன்னொரு நாள், இரண்டு நாள் கூலி போயிற்று. வயிற்றுக் கணக்கோ வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போகும். பணமுள்ள வீட்டுப் பெண்ணுக்கு இந்தத் தொல்லை ஒன்றுமில்லை. அவள் பெரிய பட்டணத்துத் தனியார் ஆஸ்பத்திரிக்குக் காரில் போய்க் காரில் வருகிறாள். சட்டம் இருவருக்கும் ஒன்றுதான், பஸ்தான் வேறு.

இனி மருந்துக்கு வருவோம். நம் தோட்டத்து அம்மாளுக்குப் பார்சலில் வந்தது என்னவென்று யாருக்கும் தெரியாது. அவர் தேடிய மருந்து எதுவென்று தெரியும். மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டோல் என்று இரண்டு. முதலாவது, கர்ப்பம் நிலைக்க உடம்பில் சுரக்கிற சத்தைத் தடுக்கிறது. இரண்டாவது, கர்ப்பப்பையைச் சுருங்கச் செய்து வெளியேற்றுகிறது. முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் சரியான அளவில் சரியான முறையில் எடுத்துக்கொண்டால், கத்தியும் வேண்டாம், மயக்க மருந்தும் வேண்டாம். உலக சுகாதார ஸ்தாபனம் இவற்றை 2005-ல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. 2019-ல் அந்தப் பட்டியலின் முக்கியப் பகுதிக்கே உயர்த்தியது. இந்தியாவில் மிஃபெப்ரிஸ்டோன் 2002 முதலே அனுமதி பெற்ற மருந்து. நம் நாட்டில் இவை பதிவு பெறாதவை. ஆகவே, சட்டப்படி செய்யலாம் என்ற டாக்டர்கூட மருந்துக் கடைக்குச் சீட்டு எழுதிக் கொடுக்க முடியாது, கத்தி வைத்தியம்தான். கள்ளச் சந்தைக்காரனுக்கோ எந்தப் பதிவும் வேண்டாம். மாத்திரை நாட்டுக்குள் வராமல் தடுத்துவிட்டதாக அதிகாரிகள் நினைக்கிறார்கள். மாத்திரை வந்துகொண்டுதான் இருக்கிறது. வராமல் தடுக்கப்பட்டது டாக்டரும், அளவுச் சீட்டும்தான்.

இந்த மருந்து பிறந்த விதத்தைத் தெரிந்துகொண்டால் தொழிலாளருக்கு ஒரு பாடம் கிடைக்கும். மிஃபெப்ரிஸ்டோனைக் கண்டுபிடித்தது பிரான்ஸ் தேசத்து ருசெல் உக்லாஃப் என்ற கம்பெனி. 1988 செப்டம்பரில் அந்த அரசாங்கம் அனுமதி கொடுத்தது. எதிர்ப்பாளர்கள் கம்பெனியின் மற்றச் சாமான்களையும் வாங்கமாட்டோம் என்று மிரட்டினார்கள். முதலாளிகள் பயந்துபோய் அக்டோபர் மாதம் மருந்தை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இரண்டே நாளில் சுகாதார மந்திரி குளோத் எவின் கம்பெனியைக் கூப்பிட்டு, அனுமதி கொடுத்த பிறகு இது உங்கள் சொத்து மட்டும் அல்ல, தார்மிகமாகப் பெண்களின் சொத்து என்ற கருத்துப்படச் சொல்லி, மறுபடி விற்கச் செய்தார். லாபக் கணக்குப் பார்க்கிறவன் கையில் பெண்ணின் உயிரை விடக்கூடாது என்று ஒரு மந்திரிக்குத் தோன்றியது.

இரண்டாவது மருந்தின் கதை இன்னும் அழகு. மிசோப்ரோஸ்டோல் முதலில் வயிற்றுப் புண்ணுக்காக வந்த மாத்திரை; சைட்டோடெக் என்ற பெயரில் விற்றார்கள். பிரேசில் தேசத்தில் அது 1986-ல் கடைக்கு வந்தது. கர்ப்பிணிகள் சாப்பிடக்கூடாது, கரு கலைந்துவிடும் என்ற எச்சரிக்கை அதற்கு உண்டு. அங்கே கருக்கலைப்பைச் சட்டம் பெரும்பாலும் தடுத்திருந்தது. ஏழைப் பெண்கள் அந்த எச்சரிக்கையைத் தமக்குத் தேவையான தகவலாகப் புரிந்துகொண்டார்கள். வாய்க்கு வாய் செய்தி பரவிற்று. குச்சியும் கம்பியும் விஷ மூலிகையும் வைத்து உயிரைக் கொடுத்துக்கொண்டிருந்த இடத்தில், அவற்றைக் காட்டிலும் பத்திரமான ஒரு வழியைக் கண்டவர்கள் அந்தப் பெண்களே. பட்டம் பெற்ற நிபுணர்கள் பிறகுதான் வந்து ஆராய்ச்சி எழுதினார்கள். 1991-ல் பிரேசில் அரசாங்கம் அதன் விற்பனைக்குக் கட்டுப்பாடு போட்டது. போட்டதும் மருந்து கள்ளச் சந்தைக்குப் போயிற்று, விலை ஏறிற்று.

அமெரிக்காவில் இன்று நடக்கும் சண்டையும் இந்த மாத்திரையைச் சுற்றித்தான். 1973 முதல் அங்கே பெண்களுக்கு இருந்த அரசியல் சட்ட உரிமையை 2022 ஜூன் 24-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டு எடுத்துவிட்டது. பல மாநிலங்களில் கிளினிக்குகள் மூடப்பட்டன. ஆனால் மாத்திரைக்குக் கட்டடம் தேவையில்லை, தபாலில் போகும். 2023-ல் அங்கே நடந்த கருக்கலைப்புகளில் நூற்றுக்கு 63 மாத்திரையால் நடந்தவை. ஆகவே எதிர்ப்பாளர்கள் மாத்திரையின் பக்கம் திரும்பினார்கள். 2000-ல் கொடுத்த அனுமதியே செல்லாது என்று டெக்சாஸ் மாநிலத்தில் வழக்குப் போட்டார்கள். 2023 ஏப்ரலில் ஒரு நீதிபதி அவர்கள் பக்கம் தீர்ப்பும் கொடுத்தார். 2024 ஜூன் 13-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமுகமாக, வழக்குப் போட்டவர்களுக்கு இதில் நேரடி பாதகம் இல்லை என்று தள்ளிவிட்டார்கள். மருந்து சரியா தவறா என்று கோர்ட்டு சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். அதே ஆண்டு அக்டோபர் முதல் லூயிசியானா மாநிலம் இந்த இரண்டு மருந்தையும் போதை மருந்துகளைப் போலக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. பிரசவத்தில் இரத்தம் கொட்டினால் நிறுத்தவும் மிசோப்ரோஸ்டோல்தான் உதவும். அதையும் பூட்டி வைக்கவேண்டி வந்தது. தபாலில் ஆபாசப் பொருள் அனுப்பக்கூடாது என்று 1873-ல் போட்ட ஒரு சட்டத்தைத் தூசு தட்டி எடுத்து, இந்த மாத்திரைக்கும் அது பொருந்தும் என்று வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள். பழைய சட்டம் பெட்டியில் கிடக்கட்டும், யாருக்கு என்ன நஷ்டம் என்று நாமும் 312-ஐப் பற்றி நினைக்கக்கூடாது என்பதற்காகவே இவ்வளவையும் எழுதினோம்.

ஏனென்றால் பெட்டியிலிருந்து அது எழுந்து வந்ததை நாம் பார்த்திருக்கிறோம். 2014-ல் பினாங்கு மாநிலத்தில் ஒரு கிளினிக்கில் அதிகாரிகள் சோதனை போட்டார்கள். அங்கே இருந்த ஒரு பெண்ணைப் பிடித்துக் குற்றம் சாட்டினார்கள். அவர் நேபாளத்திலிருந்து வேலைக்கு வந்தவர், வயது 24. 312 கூட அல்ல, பத்து வருஷம் வரை சிறை விதிக்கக்கூடிய 315-வது பிரிவு. குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று பன்னிரண்டு மாதச் சிறை விதித்தார்கள். மாதர் உரிமைச் சங்கங்கள் தலையிட்டு மேல்முறையீடு செய்த பிறகு உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. அவருடைய சொந்த நாட்டில் 2002 முதல் இது சட்டத்துக்கு உட்பட்ட காரியம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அந்தப் பெண்ணின் நிலையில் இன்னொரு முடிச்சும் உண்டு. அந்நியத் தொழிலாளிகளுக்கு நடத்தும் வைத்தியப் பரிசோதனையில் கர்ப்பம் இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். இருந்தால் வேலைக்குத் தகுதியில்லை, ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அதாவது பெற்றால் பெர்மிட் போகும், கலைத்தால் சிறை. வந்த கடன் தீராமல் ஊருக்குத் திரும்ப முடியாதவள் என்ன செய்வாள்? நம் தோட்டங்களில் இன்று நம்மோடு நிரை பிடிக்கிறவர்களில் அந்நியத் தொழிலாளர் பலர். அவர்கள் நம் ஆள் அல்ல என்று நினைக்கிற தோழர்கள், நம் பாட்டிமார்களும் பெர்மிட்டுக்குப் பதில் கங்காணி சீட்டோடு வந்த அந்நியர்கள்தான் என்பதை மறக்கவேண்டாம்.

கிராணிகளாகிய நம் கவனத்துக்கு ஒரு விஷயம். பிரசவ லீவு 2023 ஜனவரி முதல் 60 நாளிலிருந்து 98 நாளாயிற்று என்று நாம் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். கர்ப்பிணியை வேலையிலிருந்து நீக்கக்கூடாது என்றும் வந்தது. ஆனால் பிரசவம் என்பதற்குச் சட்டம் சொல்லும் அர்த்தத்தைப் புரட்டிப் பாருங்கள்: 22 வாரம் நிறைந்த பிறகு நடந்தால்தான் பிரசவம், குழந்தை உயிரோடு பிறந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. 22 வாரத்துக்கு முன் கரு தானாகக் கலைந்தாலும், டாக்டர் சட்டப்படி கலைத்தாலும், அந்தப் பெண்ணுக்குப் பிரசவ லீவு ஒரு நாளும் இல்லை. நோய் லீவுக் கணக்கில்தான் எடுக்கவேண்டும். அது இரண்டு வருஷத்துக்குக் குறைந்த சேவைக்கு வருஷத்தில் 14 நாள், ஐந்து வருஷத்துக்குள் 18, அதற்கு மேல் 22. வெறும் காய்ச்சலுக்கும் இதே கணக்குத்தான். அந்த லீவுக்குத் தோட்டத்து டாக்டரிடம் போகவேண்டும். அவர் எழுதும் காரணம் ஆபீசு மேசைக்கு வரும். ஆபீசு மேசையிலிருந்து லயத்துக்கு எவ்வளவு தூரம் என்பது நமக்குத் தெரியாததா? நம்மவர்களில் சிலருக்கு வாயைக் கட்டத் தெரிவதில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது எதிர்ப்பவர்களுக்கு வருகிறோம். கரு ஓர் உயிர், அதை அழிப்பது பாவம் என்று மனமார நம்புகிறவர்கள் நம் சங்கத்தில் எல்லாச் சமயத்திலும் இருக்கிறார்கள். அவர்களை நாம் கேலி செய்யமாட்டோம். ஒருவருக்குப் பாவம் என்று தோன்றுவதை அவர் செய்யவேண்டாம். யாரையும் செய்யச் சொல்லி வற்புறுத்துவதும் தவறு, அது புருஷனாக இருந்தாலும் சரி, மாமியாராக இருந்தாலும் சரி, முதலாளியாக இருந்தாலும் சரி. ஆனால் சமயப் பெரியோர்கள்கூட இந்தக் கேள்வியில் நிலைமைகளைப் பார்க்கிறார்கள். தேசிய ஃபத்வா மன்றமே 120 நாளுக்கு முன், பின் என்று பேதம் பார்த்து, பின்னால் தாயின் உயிரைக் காக்க மட்டும் என்றும், முன்னால் இன்னும் சில காரணங்களுக்காகவும் இடம் வைத்திருக்கிறது. பிள்ளை வேண்டும் என்று அக்கறைப்படுகிறவர்கள் பிறந்த பிள்ளைக்கு ஆயாக்கொட்டகை எங்கே, பால் எங்கே என்றும் நம்மோடு சேர்ந்து கேட்கலாமே. 1984-ல் நம் நாட்டு ஜனத்தொகை ஏழு கோடியாகவேண்டும் என்று ஒரு கொள்கை அறிவித்தார்கள். அந்தக் காலத்தில் கருத்தடை முறைகளைக் கைக்கொண்ட தம்பதிகள் சுமார் பாதிப்பேர். முப்பது வருஷம் கழித்து 2014-ல் எடுத்த கணக்கிலும் நூற்றுக்கு 52 பேர்தான். கருக்கலைப்பு குறையவேண்டும் என்பதில் நமக்கும் அவர்களுக்கும் பேதமில்லை. அதற்கு வழி கருத்தடையைத் தோட்டத்து டிஸ்பென்சரி வரை கொண்டு வருவது. பெண்ணைப் பயமுறுத்துவதால் அது குறைந்ததாக எந்த நாட்டுக் கதையும் நமக்குச் சொல்லவில்லை.

2010-ல் பச்சைக் குழந்தைகளை வீசிவிட்டுப் போவது பெருகியபோது, கொலைக் குற்றமாக விசாரிப்போம் என்று அரசாங்கம் சொல்லிற்று. அதே ஆண்டில் ஒரு தர்ம ஸ்தாபனம் பெட்டாலிங் ஜெயாவில், யாரும் கேள்வி கேட்காமல் குழந்தையை வைத்துவிட்டுப் போகத் தொட்டில் வைத்தது. தொட்டில் வைத்தவர்களை வாழ்த்துகிறோம். ஆனால் அந்தத் தொட்டில் வரை நடந்த பெண் அதற்கு ஏழெட்டு மாதம் முன்பு எந்தக் கதவைத் தட்டினாள், யார் திறக்கவில்லை என்று யாரும் விசாரித்தார்களா?

நம் கிளைகள் செய்யக்கூடியது என்ன? பெண்கள் பிரிவுக் கூட்டங்களில் 312-ன் விலக்கைப் படித்துக் காட்டவேண்டும். ஆண்கள் வெளியே நிற்கட்டும். பேசுகிறவரும் பெண்ணாக இருக்கட்டும். மாத்திரை வாங்காதே என்று மட்டும் சொல்லிப் பயனில்லை. கர்ப்பப்பைக்கு வெளியே கரு தங்கியிருந்தால் எந்த மாத்திரையும் அதைத் தீர்க்காது, உயிர் போகும் என்பதைச் சொல்லவேண்டும். இரத்தம் நிற்காமல் போனாலோ, ஜுரம் கண்டாலோ, அடி வயிறு தாங்க முடியாமல் வலித்தாலோ, என்ன சாப்பிட்டோம் என்பதை டாக்டரிடம் உள்ளபடி சொல்லிவிடவேண்டும் என்பதையும் சொல்லவேண்டும். சிறையைக் காட்டிலும் சாவு கெட்டது. கிளினிக்கில் திருப்பி அனுப்பப்பட்டவர் தனியாகத் திரும்பி வராமல் கிளைக் காரியதரிசியிடம் வரட்டும். பெயர் எழுதாமல் தேதியையும் இடத்தையும் மட்டும் குறித்து மேலே அனுப்புவோம். தலைமை நிர்வாகம் சுகாதார மந்திரியிடம் போகும்போது வெறுங்கையோடு போகவேண்டாம். இந்த இரண்டு மருந்தையும் டாக்டர் கையில் கொடுங்கள், தோட்டத்துக்கு எட்டும் ஜில்லா ஆஸ்பத்திரியிலேயே ஒரு டாக்டர் தீர்மானிக்கட்டும், அந்நியத் தொழிலாளியின் பெர்மிட்டையும் வயிற்றையும் முடிச்சுப் போடாதீர்கள் என்று கேட்பது அதிகம் ஆகாது.

இதற்கெல்லாம் நாளாகும். அதுவரை சும்மா இருக்க முடியாதென்று நம் கிளை தோட்ட நிர்வாகிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறது. 22 வாரத்துக்கு முன் கரு கலைந்த பெண்ணுக்கு, எந்தச் சர்க்கார் கிளினிக்கின் சீட்டு வந்தாலும் காரணம் கேட்காமல் குறைந்தது பதினைந்து நாள் கூலியோடு லீவு கொடுக்கவேண்டும். அது நோய் லீவில் கழியக்கூடாது. முந்திய இரண்டு மூன்று நாள் வராமல் போனதற்கும் 'ஏ' போடக்கூடாது என்று கேட்டிருக்கிறோம். யாருடைய பெயரும் அதில் இல்லை. பதில் வந்ததும், எப்படிப்பட்ட பதிலாக இருந்தாலும், இந்தப் பக்கத்திலேயே வெளியிடுவோம்.